காற்றில் அலைகளைக் கண்டவர்

கடலில் எழும் அலைகளை நாம் கண்ணால் காண்கிறோம். வானத்திலும் அலைகள் உண்டு. ஆனால், அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றின் போக்கைக் கணக்கிட்டுக் காட்டியவர் கார்ல் குஸ்தாவ் ராஸ்பி.

ராஸ்பி 1898ஆம் ஆண்டு சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். 1919இல் நார்வேயின் பெர்கன் நகருக்குச் சென்று, வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்ற அறிஞரிடம் பணியாற்றினார். இயற்பியல் விதிகளைக் கொண்டே வானிலையைக் கணிக்கலாம் என்பதை அங்கு அவர் கற்றுக்கொண்டார்.

1926இல் ராஸ்பி அமெரிக்கா சென்றார். அங்குள்ள வானிலைத் துறையில் அவருடைய புதிய முறைகளுக்கு வரவேற்பு இல்லை. இருப்பினும், அவர் மனம் தளரவில்லை. மூடுபனியிலும் புயலிலும் சிக்கி விமானிகள் உயிரிழந்த காலம் அது. எனவே, ராஸ்பி கலிஃபோர்னியாவில் விமானிகளுக்கென ஒரு வானிலைச் சேவையை உருவாக்கினார். அது பிற வான்வழிகளுக்கும் முன்மாதிரியாக அமைந்தது. 1928இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வானிலையியல் கற்பிக்கத் தொடங்கினார்.

வானில் பல கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுகிறது. அது நேராகச் செல்லாமல், பாம்பைப் போல் வளைந்து நெளிந்து செல்கிறது. இதற்கான காரணத்தை ராஸ்பி 1939இல் விளக்கினார். பூமி சுழல்வதால் காற்றின் திசை மாறுகிறது. இந்த விளைவு நிலநடுக்கோட்டுப் பகுதியில் குறைவாகவும் துருவப் பகுதியில் மிகுதியாகவும் இருக்கும். அதனால், வடக்கே விலகும் காற்று தெற்கே திரும்புகிறது. தெற்கே விலகும் காற்று மீண்டும் வடக்கே திரும்புகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகள் உண்டாகின்றன. அவை நகரும் வேகத்தைக் கணிக்க ராஸ்பி ஓர் எளிய சூத்திரத்தையும் தந்தார். இந்த அலைகள் நகராமல் நின்றுவிட்டால், ஓரிடத்தில் வெயிலோ மழையோ பல நாள் நீடிக்கும்.

முன்பு அவருடைய முறைகளை ஏற்கத் தயங்கிய வானிலைத் துறையே அதே ஆண்டில் அவருக்கு உயர்பதவி அளித்தது. இரண்டாம் உலகப் போரின்போது வானிலை முன்னறிவிப்பாளர்கள் பலருக்குப் பயிற்சியளிக்கும் பணியை அவர் முன்னின்று நடத்தினார்.

போருக்குப் பின் ராஸ்பி தாயகம் திரும்பினார். 1954இல் அவருடைய குழுவினரின் முயற்சியால், கணினியைக் கொண்டு அன்றாட வானிலையை முன்னறிவிக்கும் பணி சுவீடனில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், தமது 58ஆம் வயதில் அவர் காலமானார்.

வானில் நெளிந்தோடும் அந்த அலைகள் இன்று ‘ராஸ்பி அலைகள்’ என்றே அழைக்கப்படுகின்றன. வரவிருக்கும் வெப்ப அலையையும் வெள்ளத்தையும் முன்கூட்டியே அறிந்து மக்களை எச்சரிக்க, வானிலை ஆய்வாளர்கள் நாள்தோறும் அவற்றைக் கவனித்து வருகின்றனர்.