45 நாளில் 50% லாபம்... யார் இந்த சார்லஸ் போன்சி?

1882-ல் இத்தாலியில் பிறந்து, 1903-ல் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர் சார்லஸ் போன்சி. 1920-ல் பாஸ்டன் நகரில் ஒரு திட்டம் ஆரம்பித்தார். பணம் போட்டால் 45 நாளில் 50% லாபம்!

வெளிநாட்டுத் தபால் கூப்பன்களை மலிவாக வாங்கி மாற்றுவதாகச் சொன்னார். சொன்னபடி லாபமும் வந்துச்சு. ஜனங்க சேமிப்பையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாங்க.

ஆனா கூப்பன் வியாபாரம் பேருக்குத்தான். புதுசா சேர்ந்தவங்க பணம்தான் பழையவங்களுக்கு 'லாபமா' போயிருக்கு. 'பாஸ்டன் போஸ்ட்' நாளிதழ் கணக்கைக் கிளறியது. ஆகஸ்டில் போன்சி கைதானார்.

கடைசி நாட்களில் அவசரமாக முதலை மட்டும் எடுத்தவங்க தப்பிச்சாங்களா? இல்லை. அதையும் திருப்பிக் கொடுக்கணும்னு 1924-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1949-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், தர்ம ஆஸ்பத்திரியில் ஏழையாக இறந்தார் போன்சி. இன்றும் இந்த மோசடிக்கு அவர் பெயர்தான்.

அதனால, எவ்வளவு வட்டின்னு கேட்கும் முன்னாடி, அது யார் பணத்திலிருந்து வருதுன்னு கேளுங்க.