மீண்டும் மீண்டும் மாணவரான ஓர் ஆசிரியர்

எமது கல்லூரியில் படித்து வெளியேறியவர்களில் எத்தனை பேர் ஆசிரியத் தொழிலை ஏற்றோம் என்பதை இம்மலரின் பெயர்ப்பட்டியலைப் புரட்டினாலே கண்டுகொள்ளலாம். ஆண்டுத் தொடக்கத்தில் தொழில்சார் வளர்ச்சி இலக்குகள் என்றொரு படிவத்தை நிரப்பி அதிபரிடம் கொடுக்கும் சகோதரிகளுக்கு, அப்படிவம் எதையும் காணாத ஒருவரின் வாழ்வை நினைவூட்ட விரும்புகிறேன். அவர் சுவாமி விபுலாநந்தர். முத்தமிழ் வித்தகர் என்று நாம் மேடைகளில் போற்றும் அடிகளாரை விட, பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்குப் படிப்பித்த மயில்வாகனம் என்ற இளைஞரே இங்கு எனக்கு முக்கியமானவர்.

கிழக்கிலங்கையின் காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனம், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் கற்றுப் பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அக்காலத்தில் அந்தத் தேர்ச்சியே ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் சோறு போடும். கற்ற கல்லூரியிலேயே ஆசிரியருமானார். ஆனால் படிப்பிக்கத் தொடங்கிய பின்னர்தான் அவர் படிப்பு உண்மையில் தொடங்கிற்று. 1911 இல் கொழும்புக்கு வந்து அரசினர் ஆசிரிய கலாசாலையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியேறினார். கொழும்பில் இருந்த காலத்தைப் பயிற்சி வகுப்போடு முடித்துக்கொள்ளவில்லை. தென்கோவை கந்தையாபிள்ளையைத் தேடிச் சென்று பழந்தமிழ் இலக்கியங்களைப் பாடங் கேட்டார். கலாசாலைப் பாடத்திட்டம் அவரிடம் கேட்காத படிப்பு அது.

சிறிது காலம் மட்டக்களப்பில் படிப்பித்தவர், 1915 இல் மறுபடியும் மாணவராகிக் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலச் சேர்ந்தார். 1916 ஆம் ஆண்டை நான் எப்போதும் வியப்போடுதான் நினைப்பேன். அந்த ஒரே ஆண்டில் அவர் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியெய்தினார். ஈழத்திலிருந்து அப்பட்டத்தை முதன்முதல் பெற்றவர் அவரே என்பர். ஒரு கையில் இரசாயன நூல், மறு கையில் இலக்கணம். ஆங்கில ஆட்சியில் உத்தியோகம் உயர விஞ்ஞானம் உதவும். பண்டிதர் பட்டம் அந்தக் கதவுக்குரிய திறப்பு அன்று. அவருடைய இலக்குகளில் எது பிழைப்புக்கு, எது மனத்துக்கு என்று பிரித்துப் பார்க்க முயன்றால், நமக்குத்தான் களைப்பு மிஞ்சும். பின்னால் இரண்டும் ஒன்றாகவே போய் முடிந்தன.

தொழினுட்பக் கல்லூரியில் இரசாயன உதவி ஆசிரியராகச் சில காலம் இருந்து, 1917 இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரிக்கு விஞ்ஞான ஆசிரியராக வந்தார். பகலில் வகுப்பு, மற்ற வேளையில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கான தனிப்படிப்பு. 1920 இல் பீ.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக அழைத்துக்கொண்டது.

இங்கு அவர் செய்த ஒரு வேலையைப் பலர் போகிற போக்கில்தான் குறிப்பிடுவார்கள். எனக்கு அது பெரிதாகப் படுகிறது. தாம் பண்டிதராவதற்குக் கடல் கடந்த ஒரு சங்கத்தின் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருந்தது அல்லவா? 1921 அளவில் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்ற முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் எனப் படிப்படியாகப் பரீட்சைகளை அச்சங்கம் இங்கேயே நடத்தியது. மாலையில் வீட்டு வேலை முடித்து விளக்கடியில் நன்னூல் படித்த தமிழாசிரியைகளும் பிற்காலத்தில் அந்தப் படிகளில் ஏறினார்கள். தம் படிப்புக்குத் திட்டமிட்டவர், மற்ற ஆசிரியர் படிப்புக்கும் ஒரு வழி வெட்டி வைத்தார்.

முப்பது வயதில் அதிபர் பதவி, பட்டம், ஊர் மதிப்பு எல்லாம் இருந்தன. 1922 இல் அவற்றை விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்திற்குப் போய் மீண்டும் முதல் வகுப்பில் உட்கார்ந்தார். பிரம்மசாரியாக இரண்டாண்டு, 1924 இல் துறவு பெற்று விபுலாநந்தரானார். அந்நாளில் இராமகிருஷ்ண விஜயத்தையும் வேதாந்த கேசரியையும் கவனித்தபடியே, ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டை ஆராய்ந்து தமிழுக்கு ஒரு நாடக இலக்கண நூல் செய்தார். மதங்கசூளாமணி என்ற அந்நூல் 1926 இல் வெளிவந்தது. சந்நியாசி நாடகம் படிப்பதா என்று முகஞ்சுளித்தோர் இருந்தால், அவர்களுக்கு அந்த நூலே பதில்.

ஈழம் திரும்பி மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயமும், பிறந்த ஊரான காரைதீவில் பெண்களுக்கெனச் சாரதா வித்தியாலயமும் அவர் முயற்சிகள். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர்.

பதவிகளை விரைவாகச் சொல்லிவிட்டேன். அவற்றின் ஊடே ஓடிய ஒரே வேலையைத்தான் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையில் வரும் யாழ், கண்ணால் காண முடியாதபடி வழக்கொழிந்த கருவி. உரையாசிரியர் சொற்களைப் பொருள்கொள்ளத் தமிழ்ப் புலமை வேண்டும். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதத்தைக் கணிக்கப் பௌதிகமும் கணிதமும் வேண்டும். பண்களை உணர இசை வேண்டும். 1916 இல் இரு வேறு திசைகளில் ஓடியவையாகத் தோன்றிய படிப்புகள் இங்கு ஒரே மேசையில் கூடின. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பு. அண்ணாமலையில் தொடங்கியது இமயத்து மாயாவதி ஆசிரமத்திலும் தொடர்ந்தது. இடையில் நோயும் வந்தது. கணக்கை அவர் விடவில்லை.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ்நூல் 1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அவர் கணித்த அளவில் செய்த யாழ் அங்கு மீட்டப்பட்டது. உடல்நலம் குன்றிய நிலையில் கொழும்பு திரும்பிய அடிகளார், ஆறு வாரங்களில், ஜூலை 19 ஆம் திகதி மறைந்தார். அப்போதும் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரைக் கொண்டுவந்து அடக்கஞ் செய்த இடம் சிவானந்த வித்தியாலய வளவு. பிள்ளைகள் வகுப்புக்குப் போகிற வழி.