நாற்றத்தைத் துரத்திய ஓட்டோ ரோஹ்ம்

ப்ராஜெக்ட் லேப்ல லேசர் கட்டிங்குக்குக் கொடுக்கிறோமே அக்ரிலிக் ஷீட், அதுக்கும் ஹாஸ்டல் பக்கெட்ல ஊறிக்கிட்டு இருக்கிற டி-ஷர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டுக்கும் பின்னால் ஒரே ஆள்தான் இருக்கிறார். பெயர் ஓட்டோ ரோஹ்ம், ஜெர்மன்காரர். அக்ரிலிக் கதையை மெட்டீரியல்ஸ் பேப்பரில் எங்கேயாவது படித்திருப்பீங்க. நான் சொல்ல வந்தது பக்கெட் கதை.

1876-ல் தெற்கு ஜெர்மனியில் ஓரிங்கன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். முதலில் மருந்துக்கடையில் வேலை பழகினார். அப்புறம் வேதியியல் படித்து, 1901-ல் ட்யூபிங்கனில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பு அக்ரிலிக் அமிலத்தின் பாலிமர்கள். தலைப்பு நல்லாத்தான் இருந்தது, ஆனால் அதை வைத்து அன்றைக்குப் பிழைக்க முடியாது. கடைசியில் ஸ்டுட்கார்ட் நகர எரிவாயு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நிலக்கரியைச் சுட்டு வாயு எடுக்கிற இடம். அங்கே மிஞ்சுகிற கழிவுநீர் அம்மோனியா நாற்றம் அடிக்கும்.

அதே மாதிரி ஒரு நாற்றம் தோல் பதனிடும் ஆலைகளில் இருந்தும் வந்தது. காரணம் நாய்க் கழிவு. ஆமா, அதேதான். மாட்டுத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியை எடுத்த பிறகு அது விறைத்துப் போயிருக்கும். அதை மிருதுவாக்க, வெதுவெதுப்பான நீரில் நாய்க் கழிவைக் கரைத்து அதில் ஊறவைப்பது காலங்காலமாக நடந்த வழக்கம். அந்தத் தொட்டி பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களை நினைத்துப் பாருங்க.

ரோஹ்ம் ஒரு கணக்குப் போட்டார். ரெண்டும் ஒரே நாற்றம் என்றால் எங்கள் ஆலைக் கழிவுநீரே அந்த வேலையைச் செய்யுமே! அதிலிருந்து ஒரு சரக்கு தயாரித்து, ஓரோ என்று பெயரும் வைத்தார். சுண்ணாம்பு போனது. தோல் மட்டும் மிருதுவாகவில்லை. சரக்கு படுத்துவிட்டது.

எனக்கு அவரைப் பிடித்துப் போனது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். நாற்றம் ஒன்றுதான், வேலை ஒன்றில்லை. அப்படின்னா அந்தக் கழிவுக்குள்ள நிஜமா வேலை செய்றது எது? உயிருள்ள ஈஸ்ட் செல் இல்லாமல், அதன் சாறே சர்க்கரையை நொதிக்க வைக்கும் என்று எடுவர்ட் புக்னர் 1897-லேயே காட்டியிருந்தார். 1907-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நாயின் குடலில் செரிமானத்துக்குச் சுரந்த என்சைம்தான் தோலிலும் வேலை செய்கிறது என்று ரோஹ்ம் முடிவுக்கு வந்தார். அப்புறம் நாய் எதற்கு? கசாப்புக் கூடத்தில் கிடைக்கிற கணையத்திலேயே அதே வகை என்சைம் இருக்கிறதே. அதில் செய்த ஓரோபான் நன்றாக வேலை செய்தது. 1907-லேயே நண்பர் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து எஸ்லிங்கனில் கம்பெனி தொடங்கினார். ரெண்டு வருஷத்தில் கம்பெனி டார்ம்ஸ்டாட்டுக்கு மாறியது, ஹாஸ் அமெரிக்கக் கிளைக்காக ஃபிலடெல்பியா போனார்.

தோலில் வேண்டாத புரோட்டீனை என்சைம் கரைக்கிறது என்றால் சட்டைக் காலரில் கரைக்காதா? 1913-ல் அதற்குப் பேட்டன்ட் எடுத்தார். அடுத்த வருஷம் பர்னஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது: சலவை சோடாவும் கணையச் சாறும். துணியைக் கொதிக்க வைத்து, தேய் தேய் என்று தேய்ப்பதுதான் அன்றைய சலவை. அந்தக் காலத்தில் ஊறவைத்தாலே அழுக்கு இளகும் என்பது பெரிய விஷயம்.

நம் துணி நாறுவதற்கும் இதுதான் தொடர்பு. புது வியர்வைக்குப் பெரிசா வாடை கிடையாது. வியர்வை, தோலின் எண்ணெய், உதிர்ந்த தோல் எல்லாம் இழைக்குள் தங்கும். பாக்டீரியா அதைத் தின்று வெளியே விடுவதுதான் நாற்றம். பூ வாசனை லிக்விடை எத்தனை மூடி ஊற்றினாலும் அந்தச் சாப்பாடு உள்ளேயே இருக்கும். மழைக்காலத்தில் துணி மெதுவாகக் காயும்போது மறுபடி கிளம்பும். வாசனையை மட்டும் பார்ப்பது ஓரோ தயாரிக்கிற மாதிரி.

பர்னஸ் குறையில்லாத சரக்கு அல்ல. கணைய என்சைம் சோடா கலந்த நீரில் சீக்கிரம் வலுவிழக்கும். சோடாவைத் தாங்குகிற பாக்டீரியா என்சைம்கள் சலவைத்தூளில் பரவலாக வந்தது 1960-களில்தான். அதிலும் ஒரு சிக்கல்: என்சைம் தூசியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. அதன் பிறகே என்சைமை மேல்பூச்சு போட்ட குருணையாக்கினார்கள்.

ரோஹ்ம் இதையெல்லாம் பார்க்கவில்லை. தன் பழைய ஆய்வுத் தலைப்புக்கே திரும்பிப்போய், 1933-ல் பிளெக்சிகிளாஸ் என்ற பெயரில் அக்ரிலிக் ஷீட்டைக் கொண்டுவந்தார். 1937 பாரிஸ் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. ஜெர்மன் போர் விமானங்களின் கண்ணாடிக் கூடும் அதுவே ஆனது. எதிரணியான அமெரிக்க விமானங்களுக்கு ஃபிலடெல்பியாவில் இருந்து ஹாஸின் கம்பெனி அதே சரக்கைச் செய்து கொடுத்தது. அவர் வாழ்க்கையில் என்னால் ரசிக்க முடியாத பக்கம் இது. போர் தொடங்கி மூன்றாவது வாரம், 1939 செப்டம்பர் 17-ல் பெர்லினில் இறந்தார்.

சலவைத்தூள் வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கத்து இலைப் படத்தை விடுங்க. பின்பக்கம் என்சைம் என்றோ புரோட்டியேஸ் என்றோ போட்டிருக்கிறதா பாருங்க. என்சைமும் ஒரு புரோட்டீன்தான், சாக்கடையில் போனதும் மக்கிவிடும். சாதா நீரோ வெதுவெதுப்பான நீரோ போதும், அரை மணி நேரம் ஊறட்டும். கொதிக்கிற நீரை ஊற்றினால் என்சைம் கெட்டுவிடும். பட்டையும் கம்பளியையும் மட்டும் இதில் போடாதீங்க. அவையும் புரோட்டீன் இழைகள்தான், என்சைம் அவற்றையும் அரிக்கும்.