தலைக்கு மேல ஒரு தையல் மெஷின் மோட்டார்: பிலிப் டீல் கதை



திருநெல்வேலியோட சித்திரை வெயில் எப்படின்னு நம்ம காலேஜ்ல யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்துல முங்கிக் குளிச்சுட்டு வீடு வந்து சேர்றதுக்குள்ள சட்டை மறுபடி நனைஞ்சிரும். உள்ளே நுழைஞ்சதும் கை தானாப் போறது ஃபேன் சுவிட்சுக்குத்தான். அந்த ஃபேனைக் கண்டுபிடிச்சது யாருன்னு கேட்டா மட்டும், எடிசனா, டெஸ்லாவான்னு இழுப்போம். ரெண்டு பேருமே இல்லை. அவர் பெயர் பிலிப் டீல். வேலை பார்த்தது ஒரு தையல் மெஷின் கம்பெனியில.

தீயில் போன சொத்து

பிலிப் டீல் 1847 ஜனவரி 29 அன்று ஜெர்மனியின் டால்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்தார். 1868-ல், 21 வயதில், பிழைப்பு தேடி நியூயார்க்கில் போய் இறங்கினார். சில மெஷின் ஷாப்புகளில் வேலை பார்த்த பிறகு சிங்கர் கம்பெனியில் சேர்ந்தார். நம்ம பாட்டி வீட்டு மூலையில் துணி போட்டு மூடி வச்சிருப்பாங்களே, அதே சிங்கர்தான்.

அங்கிருந்து அவரை சிகாகோவுக்கு மாற்றினார்கள். 1871 அக்டோபரில் சிகாகோ நகரையே விழுங்கிய பெருந்தீயில் அவர் வைத்திருந்த உடைமை எல்லாம் போயிற்று. நம்மில் ஒருத்தர் டிகிரி முடித்து வேலையில் உட்காரும் வயசு அது. கையில் எதுவும் மிஞ்சவில்லை, கற்ற தொழிலைத் தவிர. ரெமிங்டன் கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 1873-ல் எமிலி லூஸ் என்பவரைத் திருமணம் செய்தார். 1875-ல் நியூ ஜெர்சியில் உள்ள எலிசபெத் நகருக்குக் குடிபெயர்ந்து, சிங்கர் தொழிற்சாலையில் மெஷின்களை மேம்படுத்தும் சோதனைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். கடைசி வரை அந்த ஊர்தான் அவருக்கு.

எடிசனுக்கு எதிரே ஒரு பல்பு

எடிசனின் பல்பு வெளிச்சத்துக்கு வந்தது 1879-ல். கரண்ட் கொண்டுபோகும் கம்பி கண்ணாடியைத் துளைத்து உள்ளே போவதுதான் அதன் அமைப்பு. டீல் வேற மாதிரி யோசிச்சார். கம்பியே நுழையாத பல்பு ஒன்றை 1882-ல் உருவாக்கினார். வெளியே ஒரு சுருள், கண்ணாடிக்குள்ளே இன்னொரு சுருள். வெளிச்சுருளில் மாறும் கரண்ட், உள்சுருளில் தானாக மின்சாரத்தைத் தூண்டும். ட்ரிபிள்-ஈ மாணவர்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் தத்துவமேதான்!

அந்தப் பல்பு சந்தையில் ஓடவில்லை. ஆனால் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதன் உரிமையை 25,000 டாலருக்கு வாங்கி, எடிசன் தரப்பிடம் விலை குறைக்கப் பேரம் பேசும் ஆயுதமாகப் பயன்படுத்திக்கொண்டார்.

காலால் மிதித்ததும் கையால் இழுத்ததும்

அந்தக் காலத்துத் தையல் மெஷின் பெரும்பாலும் கால் மிதியில் ஓடியது. டீல் அதற்கென்று ஒரு சின்ன மோட்டாரை வடிவமைத்தார். மோட்டாரில் ஓடும் தையல் மெஷின், டைனமோ, ஆர்க் விளக்கு ஆகியவற்றை 1884-ல் பிலடெல்பியா மின் கண்காட்சியில் வைத்தார்.

1887-ல் அவர் செய்தது கேட்கிறதுக்கு ரொம்பச் சாதாரணமா இருக்கும். அதே தையல் மெஷின் மோட்டாரில் இறக்கையைப் பொருத்தி, கூரையில் தொங்கவிட்டார். 1889-ல் காப்புரிமை கிடைத்தது. மின்சாரத்தில் ஓடும் சீலிங் ஃபேன் பிறந்தது இப்படித்தான்.

அதற்கு முன்னும் அமெரிக்காவில் கூரை விசிறிகள் இருந்தன. ஓடும் தண்ணீரால் சக்கரத்தைச் சுற்றி, அதிலிருந்து பெல்ட் வழியாக இறக்கைகளை ஓட்டினார்கள். நம்ம நாட்டில் தண்ணீரும் இல்லை, பெல்ட்டும் இல்லை, ஆள்தான். வெள்ளைக்காரர் காலத்துக் கோர்ட்டுகளில் கூரையில் தொங்கும் துணிப் பங்காவைக் கயிறு கட்டி மணிக்கணக்காக இழுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பவருக்குக் காற்று, இழுப்பவருக்கு வியர்வை.

டீல் மோட்டாரோடு மல்லுக்கட்டிய அதே 1880-களில்தான் நம்ம பாபநாசத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், ஹார்வி சகோதரர்களின் மில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் நூல் நூற்றது. அந்த ஆறு நமக்கு மின்சாரமாக மாறியது 1944-ல், பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது. ஆறு சுற்றிய சக்கரம் கம்பி வழியாக வந்து நம்ம வீட்டு ஃபேனைச் சுற்ற ஆரம்பித்தது.

விளக்கு தொங்கும், ஃபேன் முறுக்கும்

ஃபேன் நன்றாக விற்றதும் போட்டியும் கூடியது. டீல் விடாமல் மேம்படுத்திக்கொண்டே இருந்தார். ஃபேனோடு விளக்கையும் சேர்த்து ஒரே பொருளாக்கினார். 1904-ல் காற்றை வேண்டிய பக்கம் திருப்ப உதவும் பந்து மூட்டைப் பொருத்தியது அவரது கம்பெனி. மூன்று ஆண்டுகளில் அது தலையாட்டும் ஃபேனாக வளர்ந்தது. 1913 ஏப்ரல் 7 அன்று எலிசபெத் நகரில் டீல் காலமானார்.

விளக்கையும் ஃபேனையும் ஒரே இடத்தில் தொங்கவிட்ட அவரது யோசனையில் ஒரு சிக்கல் இருக்கிறது. விளக்கு சும்மா தொங்கும், ஃபேன் அப்படி இல்லை. மோட்டார் இறக்கையை ஒரு பக்கம் தள்ளும்போது ராடு எதிர்ப்பக்கம் முறுக்கப்படும். நியூட்டனின் மூன்றாம் விதி லேப்போட முடிஞ்சுபோகாது! 48 இஞ்ச் ஃபேன் நிமிடத்துக்கு 370 சுற்று சுற்றினால், இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும். கணக்குப் போட்டுப் பாருங்க. இந்த முறுக்கும் நடுக்கமும் வருஷக்கணக்காகத் தொடரும்போது நட்டு தளரும், ஹூக் தேயும். அதனால்தான் இன்று அமெரிக்காவில் விளக்குக்கென வைத்த கூரைப் பெட்டியில் ஃபேனை மாட்டக் கூடாது என்று விதி. ஃபேனைத் தாங்கும் என்று குறிப்பிட்ட பெட்டிதான் வேண்டும்.

நம்ம ஊரில் இந்த வேலை கான்கிரீட் போடுற அன்னைக்கே முடிவாகிவிடும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டும்போதே ஃபேன் பாக்ஸை வைத்து, அதன் ஹூக் கம்பியைக் கூரைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் எடை முழுவதும் கூரைக்குப் போகும். பழைய வீட்டில் ஹூக் இல்லையென்றால், பூச்சைத் தாண்டி நல்ல கான்கிரீட்டுக்குள் ஆங்கர் ஃபாஸ்னர் இறங்க வேண்டும். மர உத்திரம் என்றால் கரையான் அரிக்காத, உறுதியான கட்டையா என்று பார்க்க வேண்டும். ஒயர் போகிற பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் ஒயருக்கு மட்டும்தான், ஃபேனுக்கு இல்லை. ஃபால்ஸ் சீலிங்கும் அப்படியே. நீளமான டவுன் ராடு போட்டு மேலே உள்ள கூரை ஹூக்கில்தான் மாட்ட வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

- மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே ஒயரில் கை வைக்கணும்.
- ஹூக்குக்கும் கிளாம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றணும். இரும்பும் இரும்பும் உரசினால் ஹூக் அறுந்துகொண்டே வரும்.
- டவுன் ராடின் மேலும் கீழும் உள்ள போல்ட்டுகளில் ஸ்பிளிட் பின் போட்டு, அதன் கால்களை விரித்துவிடணும். முறுக்கில் நட்டு கழன்றாலும் போல்ட் உருவாமல் காப்பது அந்தச் சின்னப் பின்தான்.
- எர்த் ஒயரைச் சும்மா மடித்து விடாமல் இணைக்கணும்.
- இறக்கை தரையிலிருந்து 8 அடிக்குக் கீழே வரக் கூடாது. கூரைக்கும் இறக்கைக்கும் ஒரு அடியாவது இடைவெளி வேண்டும், இல்லாட்டி காற்றும் வராது.

டீல் கண்டுபிடிச்ச மோட்டாருக்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. கெபாசிட்டர் வச்ச இண்டக்‌ஷன் மோட்டார் வந்தது, இப்போ பி.எல்.டி.சி. வந்திருக்கு. ஆனால் மேலே தாங்குவது இன்னும் அதே ஒரு ஹூக்தான். உங்க ரூம் ஃபேன் ஆடுதா, கடகடன்னு சத்தம் போடுதா? ஓடட்டும்னு விட்டுராதீங்க. நிறுத்திட்டு, வேலை தெரிஞ்ச எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேல் கப்பை இறக்கிக் காட்டச் சொல்லுங்க. ஹூக், புஷ், பின் மூணையும் உங்க கண்ணாலேயே பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் அதுக்குக் கீழ நிம்மதியாப் படுத்துத் தூங்கலாம்.