மதுரைக் காலும் மறக்கப்பட்ட மருத்துவரும்

மதுரையின் பெயரைத் தாங்கிய நோய் ஒன்று மருத்துவ நூல்களில் உண்டு. 'மதுரைக் கால்' எனப்படும் அதனை, 1842-இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் பதிவு செய்தார். மண்ணில் வாழும் பூஞ்சை, முள் தைத்த புண் வழியே பாதத்தினுள் புகுந்து, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து எலும்பையும் மூட்டையும் அரிக்கும். தொடக்கத்தில் வலி பெரிதாக இராது. வீங்கிய பாதத்தின் துளைகளிலிருந்து கறுப்பு மணிகள் வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும்.

அந்த மணிகள் பூஞ்சையே எனக் கண்டவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1831-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்த இவரே, புகழ்பெற்ற 'கிரேயின் உடற்கூறியல்' நூலின் படங்களை வரைந்தவர். அதற்கு ஒரே தவணையாக அவர் பெற்றது 150 பவுண்டு. நூலாசிரியர் ஹென்றி கிரேக்கோ ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் 150 பவுண்டு. முகப்பில் கார்ட்டரின் பெயர் சிறிய எழுத்தில் அச்சானது.

1858-இல் நூல் வெளிவருமுன்பே அவர் பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவாறே, வெட்டியெடுக்கப்பட்ட பாதங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நோய்க்கு 'மைசெட்டோமா' எனப் பெயரிட்டு, 1874-இல் தனி நூலே எழுதினார். ஆயினும், 1897-இல் அவர் மறையும்வரை, முற்றிய நோய்க்குக் காலை அகற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இந்நோயில் பாக்டீரியாவால் வரும் வகையும் உண்டு என்பது பின்னர் தெளிவானது. அது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. பூஞ்சை வகைக்கோ, இட்ரகோனசோல் போன்ற மருந்துகளை ஓராண்டும் அதற்கு மேலும் உட்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சையும் தேவைப்படும். செலவு தாளாமல் பாதியில் நிறுத்துவோருக்கு நோய் திரும்புகிறது; சிலர் இன்றும் காலை இழக்கின்றனர்.

இதில் பொருளியல் பாடம் ஒன்றைக் காண்கிறேன். வாங்கும் சக்தியற்றவரின் தேவை, சந்தையின் கணக்கில் தேவையாகவே சேர்வதில்லை. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரின் நோய்க்குப் புதிய மருந்து தேட நிறுவனங்கள் முனையாததன் காரணம் இதுவே. உலக சுகாதார நிறுவனம்கூட, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதனை 2016-இல்தான் சேர்த்தது.

சந்தை செய்யாததை அரசுதான் செய்ய வேண்டும். ஆறாத பாத வீக்கத்தை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஐயுற்றுப் பரிசோதனைக்கு அனுப்புவதும், மருந்தைச் சிகிச்சை முடியும்வரை இலவசமாகத் தருவதும் நம் கைக்கு எட்டாதவை அல்ல. கார்ட்டர் காரணத்தைக் கண்டு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உழவரின் கால்களைக் காக்க இனியும் தாமதிக்கலாகாது.