மதிய இடைவேளையில் ஓர் ஆசான்

தேவாரத்துக்காரனாகிய எனக்கு வருசநாட்டு மலை புதிதன்று. அம்மலைக்கு அப்பால், கிழக்கு அடிவாரத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் இயற்பியல் அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னதிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்சியாளரானார்.

என்னைக் கவர்ந்தது இப்பகுதியே. மதிய உணவு இடைவேளையில் மாணவர் எவரும் வந்து இயற்பியல், வேதியியல், கணிதம் எதிலும் ஐயம் கேட்கலாம் என்று அவர் ஏற்பாடு செய்தார். பிற கல்லூரி மாணவரும் வரலாயினர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சாய்தளக் கணக்கில் உராய்வு விசை எத்திசையில் என்று கேட்கக் கூச்சப்பட்டே முதலாண்டை ஓட்டியவன். அந்த இடைவேளையின் அருமை எனக்குத் தெரியும்.

1920இல் கல்கத்தா சென்றவர், 1923 முதல் இராமனுடன் ஆய்ந்தார். 1928இல் சுமார் 60 நீர்மங்களைத் தூசு நீக்கித் தூய்மையாக்கி, சூரிய ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். சிதறிய ஒளியில் செலுத்திய ஒளியில் இல்லாத நிறம் தெரிந்தது. அந்நாட்களைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930இன் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும். கிருஷ்ணன் குறைபட்டுக்கொண்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்து டாக்கா. படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு இழையை முறுக்குவார். எந்தக் கோணத்தில் படிகம் சட்டெனத் திரும்புகிறதோ, அதிலிருந்து அதன் காந்தப் பண்பைக் கணக்கிட்டார். நம் ஆய்வகத்து முறுக்கு ஊசலில் உள்ள அதே தத்துவந்தான்! 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1961 ஜூன் 14இல் மறைந்தார்.

அண்மையில் எங்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார்கள். கூட்டத்தில் முன்னே நிற்பீரா, செய்த வேலையைப் பிறர் அறியச் செய்வீரா என்ற வகை வினாக்கள். கூச்ச சுபாவி என்று எனக்கு முடிவு வந்தது. அன்றிரவு கிருஷ்ணனுக்காக அத்தாளை நிரப்பிப் பார்த்தேன். புகழுக்கு முன் ஒதுங்கியவர், மாணவர் கூட்டத்தின் நடுவில் அமர்ந்தவர். எந்தக் கட்டத்தில் குறியிடுவது? பாதியில் விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் சாய்தளக் கணக்கோடு விரிவுரையாளர் அறைக்குப் போனேன். பெட்டி கீழே சரிய முயல்கிறது, ஆகவே உராய்வு மேல்நோக்கி. அரை நிமிடந்தான் ஆயிற்று.