ஊருக்கெல்லாம் குரல் கொடுத்தவர்

தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வரலாறு

அறுவடை முடிந்துவிட்டது. கையில் நாலு காசு இருக்கிறது. மதுரையில் நாடகம் நடக்கிறது என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவுதான்! கிராமத்தில் யாருக்கும் வேலை ஓடாது.

விடியற்காலையில் மாட்டு வண்டிகள் கிளம்பும். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருப்பார்கள். புளிச்சோற்று மூட்டை ஒரு பக்கம். குழந்தைகள் ஒரு பக்கம். பட்டணம் போய்ச் சேர்ந்ததும் முதலில் மீனாட்சி அம்மன் தரிசனம். பிறகு கடைவீதி. பொழுது சாய்ந்ததும் நாடகக் கொட்டகை.

இது நூறு ஆண்டுகளுக்கு முந்திய கதை. அப்போது வானொலி கிடையாது. தமிழில் பேசும் படம் வந்ததே 1931-ம் ஆண்டில்தான். நாடகம் பார்ப்பது என்றால் ஒரு பகலும் ஓர் இரவும் அதற்கே போய்விடும். இரவு தொடங்கும் நாடகம் கோழி கூவும்போதுதான் முடியும். ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி நடிகர்கள் உச்சக் குரலில் பாடுவார்கள்.

விடிந்ததும் வண்டிகள் ஊருக்குத் திரும்பும். வழி நெடுக, இரவு கேட்ட பாட்டுகளை யாராவது பாடிக்கொண்டே வருவார்கள். அந்தப் பாட்டுகளை எழுதியவர் யார் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாட்டின் மேடைகளுக்கெல்லாம் பாட்டும் பேச்சும் எழுதிக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவர் தம் கடைசி நாட்களில் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல் கிடந்தார்!

கணக்குப் பிள்ளை நடிகரானார்

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சங்கரதாஸ் பிறந்தார். தந்தை பெயர் தாமோதரக் கணக்கப்பிள்ளை. இராமாயணத்தில் அவர் பெரிய வல்லவர். ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தார்கள்.

மகனுக்கு முதல் ஆசிரியர் தந்தைதான். பின்பு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரதாஸ் தமிழ் படித்தார். வெண்பாவும் கலித்துறையும் இளமையிலேயே அவருக்குக் கை வந்தன.

ஆனால் வயிற்றுப் பிழைப்புக்கு வெண்பா உதவுமா? தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். பகலில் உப்புக் கணக்கு எழுதிய கை, இரவில் பாட்டு எழுதியது.

தமது 24-ம் வயதில், 1891-ம் ஆண்டில், வேலையை விட்டுவிட்டு நாடகத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அது சாதாரண முடிவு அல்ல. நாடகக்காரனைக் கூத்தாடி என்று ஏளனமாகப் பேசிய காலம். அவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். குடியிருக்க வீடு தரவும் யோசிப்பார்கள். படித்தவர், புலவர் பரம்பரையில் வந்தவர், அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார்.

எமன் வேடம்

கம்பீரமான குரல். பார்த்தவர் கண்ணில் நிற்கும் தோற்றம். ஆகவே அவருக்கு இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் போன்ற பயங்கரமான வேடங்களே கிடைத்தன. அவர் மேடைக்கு வந்தால் குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் முகம் புதைத்துக் கொள்ளும்.

அந்தத் திறமையே அவருக்கு வினையாக முடிந்தது.

இரண்டு சம்பவங்களை நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு நாள் சாவித்திரி நாடகம். எமனாக வேடமிட்ட சங்கரதாஸ் கர்ஜித்துக்கொண்டு மேடைக்கு வந்தார். பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி நடுங்கிப் போனாள். அந்த அதிர்ச்சியில் அவளுடைய கரு கலைந்துவிட்டது.

மற்றொரு நாள் நளதமயந்தி நாடகம். அவருக்குச் சனீசுவரன் வேடம். நாடகம் முடிந்து, வேடத்தைக் கலைப்பதற்காக இருள் பிரியாத நேரத்தில் நீர்த்துறைக்குப் போனார். அங்கே ஒரு பெண் துணி வெளுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தாள். எதிரே கரிய உருவம்! சனீசுவரனே நேரில் வந்துவிட்டதாக எண்ணி அலறி விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

சங்கரதாஸின் மனம் இடிந்து போயிற்று. மக்களை மகிழ்விக்க வந்தவன் உயிரைப் பறிப்பதா? அன்றோடு வேடத்தைக் கலைத்தார். கலைத்த வேடத்தை மறுபடி போடவில்லை. காவி உடுத்தி, கோவில் கோவிலாகச் சுற்றினார். திருமணமும் செய்துகொள்ளவில்லை. அதனால்தான் சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார்.

புதுக்கோட்டையில் கிடைத்த தந்தை

அலைந்து திரிந்தவரைப் புதுக்கோட்டை அணைத்துக்கொண்டது. அங்கே மான்பூண்டியா பிள்ளை என்ற பெரிய வித்துவான் இருந்தார். கஞ்சிரா என்னும் சின்னஞ்சிறு தோல் வாத்தியத்துக்குக் கச்சேரி மேடையில் இடம் தேடிக் கொடுத்தவர் அவர். அவர் சுவாமிகளைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார்.

பிள்ளையிடம் சுவாமிகள் தாளத்தின் நுட்பங்களைக் கற்றார். புலமை ஏற்கெனவே இருந்தது. தாளமும் சேர்ந்துகொண்டது. இனி என்ன? வேடம் போட வேண்டாம், எழுதலாம், கற்றுக் கொடுக்கலாம் என்று பிள்ளை அவரைத் திரும்பவும் நாடகத்துக்கு அனுப்பி வைத்தார்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், சதி சுலோசனா, லவகுசா, பிரகலாதன் என்று ஒன்றன்பின் ஒன்றாக நாடகங்கள் வந்தன. எல்லாம் மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைகள். ஆனால் சுவாமிகள் அவற்றுக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். இன்னின்ன காட்சி, இன்னின்ன பாட்டு, இன்னின்ன வசனம் என்று வரையறுத்தார். அதற்கு முன்பு நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவதும் உண்டு.

பாட்டுகளில் கர்நாடக ராகமும் இருக்கும். காவடிச் சிந்தும் இருக்கும். பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டு வந்த வடநாட்டு மெட்டும் இருக்கும். வித்துவானும் தலையாட்டுவார், வண்டிக்காரரும் முணுமுணுப்பார். வசனத்துக்கு நடுவே திருக்குறள் வரும். நீதி நூல்களின் கருத்துகள் வரும்.

ஏடு தொட்டறியாத எத்தனையோ பேர் குறளைக் கேட்டது நாடகக் கொட்டகையில்தான். தரை டிக்கெட் வாங்கி மணலில் உட்கார்ந்த உழவனுக்கு அதுவே பள்ளிக்கூடம். கட்டிய சோற்றோடு பட்டணம் வந்தவர்கள் கொஞ்சம் தமிழையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

சிறுவர்களைத் தேடினார்

ஆனால் சுவாமிகளுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. பேர் வாங்கிய நடிகர்கள் சிலர் கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை. நேரத்துக்கு வரமாட்டார்கள். குடித்துவிட்டு வருவார்கள். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, போட்டிக்குப் பாடத் தொடங்கிவிடுவார்கள். கதை நடுவில் நின்றுவிடும்.

வளர்ந்த மரத்தை வளைக்க முடியாது என்று கண்டார். நாற்றுகளைத் தேடினார். 1910-ம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் தம் கந்தர்வக் குரலால் தமிழ் நாட்டையே மயக்கிய எஸ். ஜி. கிட்டப்பா அங்கே பயின்றவர்களில் ஒருவர்.

1918-ம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. சுவாமிகள் அதற்கு ஆசிரியரானார். நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அரசனும் அவர்களே, அரசியும் அவர்களே, தோழியும் அவர்களே. அங்கே சேர்ந்த பிள்ளைகளில் டி. கே. எஸ். சகோதரர்களும் உண்டு. அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது!

சுவாமிகள் கண்டிப்பானவர். உச்சரிப்பில் பிழை வந்தால் கோபம் பொங்கும். அவருடைய காலடிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். ஆனால் பிள்ளைகளின் திறமையைக் கண்டால் அவர் உள்ளம் உருகும். சிறுவன் சண்முகம் நன்றாக நடிப்பதைக் கண்டார். இவனுக்கென்று ஒரு நாடகம் வேண்டும் என்று நினைத்தார். விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பொழுது விடிந்தபோது, பாட்டும் வசனமுமாக ‘அபிமன்யு சுந்தரி’ என்ற முழு நாடகமும் முடிந்திருந்தது. ஒரே இரவு!

குரல் போயிற்று

அத்தனை பிள்ளைகளின் வாயிலும் தமிழை ஏற்றிய அவருக்கு, கடைசி ஆண்டுகளில் பாரிச வாயு கண்டது. கை கால்கள் முடங்கின. நாவும் முடங்கியது. எமனாக நின்று கொட்டகையை அதிர வைத்த குரல் அடங்கிவிட்டது. பிழையாகப் பாடும் பிள்ளையைத் திருத்தவும் வார்த்தை இல்லை.

அவருக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, சொந்த வீடு இல்லை. கம்பெனிதான் குடும்பம். ஊர் ஊராகப் போன அந்தக் குடும்பத்தோடு அவரும் போனார். வாத்தியார் பேசவில்லை. ஆனால் இரவு தோறும் மேடையிலிருந்து கேட்ட சொற்கள் அவருடைய சொற்கள். பிள்ளைகள் அவருக்காகப் பேசினார்கள்.

1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, திங்கட்கிழமை, புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். வயது 55. கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

பட்டணம் கிராமத்துக்கு வந்தது

அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் நாடகத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-ம் ஆண்டில் தனிக் கம்பெனி கண்டார்கள். அவ்வை சண்முகம் என்று பேர் பெற்ற டி. கே. சண்முகம், கடைசி வரை தம் ஆசிரியர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மதுரையில் சுவாமிகளுக்குச் சிலையும் எழுந்தது.

ஆனால் அவருடைய உண்மையான நினைவுச் சின்னம் வேறு இடத்தில் இருக்கிறது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குத் திருவிழாக் காலத்தில் போய்ப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வள்ளி திருமணம் தொடங்கும். முருகனாக நடிப்பவர் ஓர் ஊர். வள்ளியாக நடிப்பவர் வேறு ஊர். ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். பல சமயங்களில் அவர்கள் சந்திப்பதே அன்று இரவுதான். ஒத்திகை கிடையாது. ஆனாலும் கதை தடுமாறுவதில்லை. ஏன்? சுவாமிகள் வகுத்த பாதை எல்லாருக்கும் மனப்பாடம்!

அன்று நாடகம் பார்க்கக் கிராமம் வண்டி கட்டிக்கொண்டு பட்டணம் போயிற்று. இன்று நாடகம் கிராமத்தைத் தேடி வருகிறது. கோவில் திடலில் பாய் விரித்துப் பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேத்தி பாதியில் தூங்கிவிடுகிறாள். பாட்டி விடியும் வரை விழித்திருக்கிறாள். வள்ளி பாடப் பாட, அவள் உதடுகளும் கூடவே அசைகின்றன.

பேச முடியாமல் போனவருடைய சொற்களை அந்த உதடுகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன.